அட்வான்ஸில் கழித்துக்கொண்ட நண்பன்

நீங்கள் எப்போதாவது நண்பர்களோடு சேர்ந்து வாடகை வீட்டில் இருந்திருக்கிறீர்களா? இருந்திருந்தால் அந்த நோட்டு உங்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

ஜன்னல் திட்டில் கிடக்கும். அட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும். உள்ளே பால், கேஸ், கரண்ட் பில், 'தக்காளி 12 ரூபாய், நான் கொடுத்தேன்' என்று நாலு விதமான கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே கையெழுத்து. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்கிற பக்கம் அது.

எங்கள் வீட்டில் அந்தக் கடைசிப் பக்கக் கையெழுத்து என்னுடையது. நாலு பேரில் பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தான். 'டெபிட், கிரெடிட்டெல்லாம் உனக்குத்தானேடா தெரியும்' என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நானும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

2003 ஜூன் மாதம். சாலிகிராமத்தில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு ரூம், ஆள் திரும்பினால் இடிக்கிற சமையலறை. 'பேச்சுலர்ஸா? பேமிலிக்குத்தான் விடுவோம்' என்று பல வாசல்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தபிறகு கிடைத்த வீடு. வாடகை 3,600. அட்வான்ஸ் பத்து மாதம், 36,000. நாலால் வகுத்தோம். ஆளுக்கு 900 வாடகை, 9,000 அட்வான்ஸ். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. யாருக்குச் சம்பளம் எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நண்பர்களுக்குள் அதெல்லாம் கேட்பார்களா என்ன?

ஒருத்தன் மெடிக்கல் ரெப். இன்னொருத்தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். நான் ஒரு பத்திரிகையில் கத்துக்குட்டி நிருபர். நாலாவது ஆள் சினிமாவில் உதவி இயக்குநர். அவனை நாங்கள் 'டைரக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். அவனுடைய 9,000 ரூபாய்க்காக, திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் அவன் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

டிசம்பர்வரை டைரக்டரின் 900 ரூபாய் ஒழுங்காக வந்தது. அப்புறம் அவன் வேலை பார்த்த படம் பாதியில் நின்றுபோனது. ஜனவரியில் 'அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் மாப்ள' என்றான். பிப்ரவரியில் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னான். மார்ச்சில் சொல்லவே இல்லை. அவன் பங்கை நாங்கள் மூன்று பேரும் மாதம் ஆளுக்கு 300 ரூபாய் போட்டுக் கட்டினோம். நான் நோட்டில் எழுதினேன். நாள் தவறாமல் எழுதினேன்.

இங்கே நிறுத்தி உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். நண்பர்களுக்குள் கணக்குப் பார்க்கலாமா, கூடாதா?

நம் ஊரில் இதற்கு இரண்டு பதில்களும் தயாராக இருக்கின்றன. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது ஒன்று. 'கடன் அன்பை முறிக்கும்' என்று மளிகைக் கடைகளில் எழுதி மாட்டியிருப்பது அதன் தம்பி. இன்னொரு பக்கம், 'நமக்குள்ள என்னடா கணக்கு?' என்று தோளில் கைபோடுகிற வசனம். நாம் முதல் நாள் இந்த வசனத்தைப் பேசுகிறோம், ஆறாவது மாதம் அந்தப் பழமொழியைச் சொல்கிறோம். சிக்கல் அங்கேதான்.

2,300 வருடங்களுக்கு முன்னாலேயே அரிஸ்டாட்டில் இதைக் கவனித்திருக்கிறார். அவருடைய 'நிகோமாக்கிய அறவியல்' மொத்தம் பத்துப் பகுதிகள். அதில் இரண்டு முழுப் பகுதிகளை நட்புக்கே ஒதுக்கியிருக்கிறார். பயனுக்காக வரும் நட்பு, மகிழ்ச்சிக்காக வரும் நட்பு, குணத்துக்காக வரும் நட்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். சண்டைகள் பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும் என்கிறார். அதிலும் ஒரு நுணுக்கம் சொல்கிறார். சிலர் ஒப்பந்தம் எதுவும் பேசாமல், அன்பளிப்பு மாதிரி கொடுப்பார்கள். மனசுக்குள் மட்டும் அதைக் கடனாக எழுதிக்கொண்டு, அதே அளவோ அதற்கு மேலேயோ திரும்பி வரும் என்று காத்திருப்பார்கள் என்கிறார். மனிதர் சாலிகிராமம் பக்கம் வந்துவிட்டுப் போனாரோ என்று எனக்குச் சந்தேகம்!

வாடகை வீட்டு நட்பு மூன்று வகையும் கலந்தது. தனியாக வீடு எடுக்க வசதியில்லை, அது பயன். ராத்திரி ஒரு மணிவரை அரட்டை, அது மகிழ்ச்சி. ஆனால், மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஹவுஸ் ஓனர் படியேறும்போது, இதில் எந்த வகை நம்முடையது என்று தெரிந்துவிடும்.

ரெப் கெட்டவன் இல்லை. 'நான் வெயில்ல ஒவ்வொரு கிளினிக் வாசலா நின்னு சம்பாதிக்கிறேன். அவன் ஒரு பார்ட் டைம் வேலையாவது பார்க்கக் கூடாதா?' என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒருத்தன் கனவுக்கு இன்னொருத்தன் எத்தனை மாதம் வாடகை கட்ட முடியும்?

ஆனால், நோட்டில் வராத ஒன்றும் இருந்தது. 2003, 2004-ல் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் பஞ்சம் மறக்காது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். விடியற்காலை லாரி வரும். கலர் கலராக பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். நாங்கள் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருப்போம். டைரக்டர்தான் எழுந்து போய் வரிசையில் நிற்பான், மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கிவருவான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. பணத்தில் கொடுக்க முடியாததை அவன் தண்ணீரில் கொடுத்துக்கொண்டிருந்தான். என் நோட்டில் அதற்குக் காலம் போடவில்லை.

சரி, இதுவரை நான் சொன்னது எல்லோர் வீட்டிலும் நடப்பது. இனி சொல்லப்போவது எனக்கு மட்டும் சொந்தமானது.

நான் சேரும்போது என் சம்பளம் 4,000. 2004 பிப்ரவரியில் அது 6,000 ஆனது. வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் 'நீ கொஞ்சம் கூடப் போடேன்' என்பார்களோ என்று பயம். அதைக்கூட மன்னிக்கலாம். ஜூலை மாதம் ஒரு ராத்திரி, பேச்சு முற்றி, எல்லோர் முன்னாலும் நான் டைரக்டரைப் பார்த்துச் சொன்னேன்: 'நானே நாலாயிரம்தான்டா வாங்குறேன். நான் கட்டலையா?'

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் 'ஊருக்குப் போறேன் மாப்ள' என்று பெட்டியைக் கட்டினான். நான் நோட்டை எடுத்தேன். எட்டு மாத வாடகை 7,200. கரண்ட், கேஸ், மளிகை பாக்கி 1,340. மொத்தம் 8,540. அவன் அட்வான்ஸ் பங்கு 9,000. கழித்தால் மீதி 460. நாங்கள் மூன்று பேரும் போட்டு அதை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். நான் கேட்காமலே நோட்டை இழுத்து, '460 ரூபாய் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கணக்கு நயா பைசா பிசகவில்லை.

மறுநாள் நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் மாதப் பக்கத்தில் ஒரு காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என் சம்பளச் சீட்டு. 6,000 என்று தெளிவாக இருந்தது. என் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கும்போது பையிலிருந்து எடுத்து, தொலைந்துவிடக் கூடாதென்று நோட்டுக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறான். அதாவது, ஜூலையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவனுக்கு உண்மை தெரியும். ரெப் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். சொல்லவில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு 'கார்னர் எதிர் முர்ரே' என்றாலே வயிற்றைக் கலக்கும். 1904-ம் வருட சட்ட அறிக்கையில் பதிவான இங்கிலாந்து வழக்கு அது. மூன்று பங்குதாரர்கள். லாப நஷ்டம் சரிசமம், ஆனால் போட்ட முதல் வேறு வேறு. கடையை மூடும்போது ஒருவர் திவால். அவர் தர வேண்டியதை யார் தாங்குவது? மற்ற இருவரும் சரிபாதியாக அல்ல, அவரவர் முதலின் விகிதத்தில் தாங்க வேண்டும் என்பதுதான் நம் பாடப்புத்தகங்கள் அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொண்ட விதி. நீதிபதி இரக்கப்பட்டு அப்படிச் சொல்லவில்லை, சட்டம் அப்படி வந்தது. இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அதே கணக்கு என் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ல் வந்தது. அதன் 13-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பங்குதாரர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிசமம். அதாவது, பேசாமல் விட்டால் சமம். நாங்களும் பேசாமல்தான் விட்டோம். ஆனால் 900 ரூபாய் என்பது ரெப்புக்கு ஒரு எடை, டைரக்டருக்கு ஒரு எடை.

பல வருஷம் கழித்து ஒரு நாள் அந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். ரெப் சம்பளம் 9,000, கம்ப்யூட்டர்காரனுக்கு 5,000, எனக்கு 6,000. மொத்தம் 20,000. டைரக்டரின் 900 ரூபாயைச் சம்பள விகிதத்தில் பிரித்தால் ரெப்புக்கு 405, கம்ப்யூட்டர்காரனுக்கு 225, எனக்கு 270. நான் கட்டிக்கொண்டிருந்தது 300. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு மாதம் 30 ரூபாய் மிச்சம்! ரெப் முதலில் முறுக்கியிருப்பான், ஒத்துக்கொண்டும் இருப்பான். கேட்டால்தானே தெரியும்? ஆக, நஷ்டம் வரும் என்று பயந்து பொய் சொல்லி, அந்தப் பொய்க்கு மாதாமாதம் பணமும் கட்டியிருக்கிறேன்.

கணிதக்காரர்களும் இந்த விஷயத்தை விட்டுவைக்கவில்லை. 1999-ல் ஃபிரான்சிஸ் சூ என்ற அமெரிக்கப் பேராசிரியர், பெரிய ரூம், சின்ன ரூம் உள்ள வீட்டின் வாடகையை யாருக்கும் பொறாமை வராமல் பிரிக்க வழி உண்டு என்று நிரூபித்துக் கட்டுரை எழுதினார். அதற்குத் தூண்டுதல், வீடு மாறப் போன அவருடைய நண்பர் ஒருவரின் சந்தேகம்தான். அழகான வேலை. ஆனால், வாடகையை எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு ரூம் ஏற்புடையதாக இருக்கும் என்று அந்தக் கணக்கு முதலிலேயே வைத்துக்கொள்கிறது. பையில் ஒன்றுமே இல்லாதவன் அதற்குள் வரமாட்டான். அவனை என்ன செய்வது என்பது கணிதக் கேள்வி இல்லை, நம் கேள்வி.

இத்தனை வருஷம் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். கணக்குப் பார்ப்பது நட்புக்குத் துரோகம் இல்லை. நோட்டே இல்லாத வீடுகள் எங்கள் வீட்டைவிடச் சீக்கிரம் உடைந்ததையும் பார்த்திருக்கிறேன். துரோகம் எதுவென்றால், அடுத்தவன் நிலைமையை நோட்டில் எழுதிவிட்டு, நம் நிலைமையை மறைப்பது. கணக்குக் கேட்கிறவன் முதலில் தன் பையைத் திறந்து காட்ட வேண்டும். அப்படிக் காட்டியபிறகு, 'இனி என்னால முடியாது மாப்ள' என்று சொன்னால் அதிலும் தப்பில்லை. மூன்று மாதம் தாங்கி, நாலாவது மாதம் கை விரிப்பவன் நண்பன்தான். தாங்க முடிந்தும் முடியாத மாதிரி நடிப்பவனை என்னவென்று சொல்வது?

இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் செல்போனில் செலவைப் பிரித்துக் கொடுக்க செயலிகள் இருக்கின்றன. நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடிபோகிற முதல் ராத்திரி, பால் காய்ச்சின கையோடு, மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஒவ்வொருவராலும் உண்மையில் எவ்வளவு முடியும்? ஒருத்தருக்கு முடியாமல் போனால் எத்தனை மாதம், யார் எவ்வளவு தாங்குவது? தாங்கியது கடனா, சும்மா கொடுத்ததா? கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் ஒரு ராத்திரியோடு போய்விடும். பேசாமல் விட்டால் வருவது அப்படிப் போகாது.

டைரக்டரை 2011-ல் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். பந்தியில் பக்கத்து இலை. ரசம் வரும்போது தைரியம் வந்து, 'டேய், அந்தச் சம்பளச் சீட்டு...' என்று ஆரம்பித்தேன்.

'எந்தச் சீட்டு?' என்றான். என் முகத்தைப் பார்க்காமல், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

அவனுக்கு ஞாபகம் இல்லையா, இல்லை என்று சொன்னானா? திருக்குறளில் 'பழைமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. நெடுநாள் நண்பன் உரிமையில் செய்கிற பிழையைப் பெரிதுபடுத்தாமல் இருப்பதைப் பற்றியது. அன்றைக்கு அதை முழுசாகப் படித்த மாதிரி இருந்தது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சீட்டும் அந்த ஏப்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் கணக்கு 2004 ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது. என்னுடையது இன்னும் பாக்கி.