அழைப்பது யாரை?

திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் குரு பெற்றோரிடம் கேட்கும் முதல் வினா, குழந்தையின் பெயரைப் பற்றியது. அப்பெயர் சொல்லியே இறைவனும் அக்குழந்தையை அழைக்கிறார் என நம்புகிறோம். அத்தகைய மனிதப் பெயரைக் கருவியொன்றுக்குச் சூட்டினால் என்ன நேரும் என்பதை இன்று நம் இல்லங்களிலேயே காண்கிறோம்.

அமேசான் நிறுவனம் 2014-இல் அமெரிக்காவிலும், 2017-இல் இந்தியாவிலும் அறிமுகப்படுத்திய பேசும் கருவியின் பெயர் 'அலெக்ஸா'. பழங்கால அலெக்சாந்திரியா நூலகத்தை நினைவூட்டும் பெயர் அது. கருவி எந்நேரமும் செவி திறந்தே இருக்கும். தன் பெயரையொத்த ஓசை கேட்டதும் அதன் விளக்கு ஒளிரும். அதன்பின் பேசப்படுபவை இணையம் வழியே நிறுவனத்தின் கணினிகளைச் சென்றடையும்.

மணலி, எண்ணூர்ப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அலெக்ஸ் என்பது புதிய பெயரன்று. ஆலையில் இரவுப்பணி முடித்து வரும் மகனின் காலடியோசை கேட்டு, "யார், அலெக்ஸா?" எனத் தாய் வினவுவதாகக் கொள்வோம். வினா எழுத்தாகிய 'ஆ' பெயரோடு சேர்ந்ததும், மகன் மறுமொழி கூறுமுன் கருவி விழித்துக்கொள்ளும்! இது நகைப்புக்குரியதே. ஆனால், 2018-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், ஒரு தம்பதியர் வீட்டில் பேசிக்கொண்டதை இக்கருவி பதிவு செய்து, அவர்களுக்கு அறிமுகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டது. பேச்சினிடையே வந்த சொற்களைத் தன் பெயராகவும் கட்டளையாகவும் அது பிழையாகக் கொண்டதென நிறுவனமே விளக்கியது. இங்கிலாந்திலோ, அலெக்ஸா என்னும் பெயருடைய சிறுமியர் பள்ளியில் கேலிக்குள்ளாவதாகப் பெற்றோர் 2021-இல் முறையிட்டனர். மகளின் பெயரையே மாற்றியவரும் உண்டு.

பிழையாகக் கேட்பது மனிதர்க்கும் இயல்பே. சீலோவில் சிறுவன் சாமுவேல், இறைவனின் அழைப்பை ஏலியின் குரலென எண்ணி மும்முறை எழுந்து ஓடினான். ஆயினும், தன்னை ஒருவர் தேடுகிறார் என உணர்ந்தே அவன் உறக்கம் விட்டெழுந்தான். எழாமல் படுத்திருக்கவும் அவனால் முடிந்திருக்கும். எனவேதான் அவன் எழுந்தது மறுமொழியாயிற்று. கருவிக்கோ மறுக்கும் உரிமையுமில்லை, பொறுப்புமில்லை. ஆகவே, பொறுப்பு அதற்குப் பெயரிட்டவர்க்கும், அதை வீட்டில் வைத்த நமக்குமே உரியது.

பார்வையற்றோர்க்கும் படுக்கையிலுள்ள முதியோர்க்கும் இக்கருவி பேருதவி புரிகிறது. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. எனினும், நமக்கு இரு கடமைகள் உள்ளன. கருவியை எழுப்பும் சொல்லை மாற்ற வழியுண்டு. மனிதப் பெயரை நீக்கிக் 'கம்ப்யூட்டர்' என்று அமைக்கலாம். ஒரு பெயரைச் சொல்லி ஏவியே பழகும் பிள்ளை, நாளை வீட்டுவேலைக்கு வரும் அக்காவையும் அதே தொனியில் அழைக்கக்கூடும் அன்றோ? அடுத்து, ஒருவர் நம்மிடம் மனந்திறந்து தம் துயரைச் சொல்ல வரும்போது, கருவியின் ஒலிவாங்கியை அணைத்து வைப்போம். அஞ்சாமல் பேச ஓரிடம் மனிதர்க்குத் தேவை என்பதை, ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தைக் காத்துவரும் திருச்சபை நன்கு அறியும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் அத்தகைய இடம் ஏற்கெனவே அரிது.

கல்லறையருகே அழுதுநின்ற மகதலா மரியா, தோட்டக்காரரெனத் தாம் எண்ணியவர் தம் பெயரைச் சொன்னதும் ஆண்டவரை அறிந்துகொண்டார். பெயர் சொல்லி அழைப்பதன் ஆற்றல் அத்தகையது. அந்த அன்பழைப்பை இன்று நம் வீட்டிலுள்ளோர்க்கு வழங்குவோம்.