வராத காருக்குக் கட்டிய பணம்

2006 ஜூலையில், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா விமான நிலையக் கொட்டகை ஒன்றில், சிவப்பில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டிக் காட்டினார்கள். காரின் பெயர் ரோட்ஸ்டர். அதைக் கொண்டுவந்த டெஸ்லா நிறுவனம் அதுவரை ஒரு காரைக்கூட யாருக்கும் விற்றதில்லை. இருந்தும், முதல் 100 கார்களில் ஒன்று வேண்டும் என்பவர்கள் ஆளுக்கு 1 லட்சம் டாலர் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றது. ஏறக்குறைய காரின் முழு விலையே அதுதான். சில வாரங்களுக்குள் அந்த 100 இடங்களும் தீர்ந்துபோயின.

கட்டியவர்கள் பணத்தின் அருமை தெரியாதவர்கள் அல்ல. தொழிலதிபர்களும் முதலீட்டாளர்களும் திரைப்படத் துறையினரும் அந்த வரிசையில் இருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குவதென்றால் பத்து முறை கணக்குப் பார்க்கிறவர்கள், அதே நிறுவனத்தின் காருக்கு வட்டியும் இல்லாமல், ஈடும் இல்லாமல் பணத்தை எடுத்து நீட்டினார்கள். ஆசை ஒரு காரணம். முதல் ஆளாக இருக்க வேண்டும் என்ற பெருமை இன்னொன்று. ஆனால் பெட்ரோல் இல்லாமலும் ஒரு கார் அழகாக, வேகமாக ஓட முடியும் என்பதைத் தங்கள் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பும் அவர்களில் பலருக்கு உண்மையாகவே இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இன்னும் வராத ஒன்றுக்கு இன்றைக்கே பணம் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் எவ்வளவு? திருமண மண்டபத்துக்கும் வீட்டு மனைக்கும் அச்சாரம் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அங்கே மண்டபம் கண்ணெதிரே நிற்கிறது. மனையில் கால் வைத்து நடந்து பார்த்துவிடலாம். மின்சார சொகுசுக் காருக்குப் பணம் கட்டும் நாளில் பெரும்பாலும் கார் இருக்காது. பல நேரங்களில் அதைச் செய்யப்போகும் ஆலையே இருக்காது.

ரோட்ஸ்டருக்குக் காத்திருந்தவர்கள் கண்டம் தப்பியவர்கள் என்றே சொல்ல வேண்டும். 2008 இறுதியில் டெஸ்லாவின் கையிருப்பு சுமார் 90 லட்சம் டாலராக இறங்கியிருந்தது. வாடிக்கையாளர்கள் கட்டிய பணம் தனியாக எங்கும் எடுத்து வைக்கப்படவில்லை. காரை உருவாக்கும் செலவோடு செலவாக அது கரைந்திருந்தது. கம்பெனி முழுகினால் அந்தப் பணத்துக்குத் தானே பொறுப்பு என்று டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் அறிவிக்க வேண்டிவந்தது. டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில், புதிய முதலீடு கைகூடியது. கம்பெனி பிழைத்தது. அடுத்த மாதமே, வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி போயிற்று: முன்பு விலைக்குள் அடங்கியிருந்த சில வசதிகளுக்கு இனி தனியாகப் பணம் தர வேண்டும். இரண்டு வருடம் முன்பே பணம் கட்டியவருக்கும் இதே கதைதான்.

ஆனாலும் அந்த மனிதர்கள் இல்லாமல் மின்சாரக் கார் இன்றைய நிலைக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. பெரிய கார் கம்பெனிகள் வாங்குவதற்கு ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வாங்க ஆள் உண்டு என்பதை இந்த முன்பணம் நிரூபித்தது. அவர்கள் செய்தது வியாபாரம் பாதி, நன்கொடை பாதி. அதைத் தெரிந்தே செய்தவர்களுக்கு மரியாதை உரியது. தெரியாமல் செய்தவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அதன் பிறகு இந்தப் பழக்கம் கோடீஸ்வரர்களோடு நிற்கவில்லை.

2016 மார்ச் 31 அன்று டெஸ்லாவின் மாடல் 3 காருக்கு முன்பதிவு தொடங்கியது. தொகை 1,000 டாலர். பல நகரங்களில் கடை திறக்கும் முன்பே ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அன்று இரவு கார் மேடைக்கு வந்தபோது 1,15,000 பேர் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார்கள். காரின் படத்தைக்கூடப் பார்க்காமல். ஒரு வாரத்தில் எண்ணிக்கை 3,25,000 ஆனது. அந்த ஆண்டு இறுதிக் கணக்கில் டெஸ்லாவிடம் இருந்த வாடிக்கையாளர் முன்பணம் மொத்தம் 66 கோடி டாலருக்கும் அதிகம். எந்த வங்கியும் இவ்வளவு எளிதாகக் கடன் கொடுத்திருக்காது.

அந்த ஆயிரம் டாலருக்கு என்ன கிடைத்தது என்பதை முன்பதிவு ஒப்பந்தமே ஒளிக்காமல் சொல்லியிருந்தது. இது கார் வாங்கும் ஒப்பந்தம் ஆகாது. வரிசையில் உத்தேசமாக ஓர் இடம், அவ்வளவுதான். கட்டிய பணம் தனிக் கணக்கிலோ அறக்கட்டளைப் பொறுப்பிலோ வைக்கப்படாது, வட்டியும் கிடையாது. விரும்பினால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நேர்மையான வாசகங்கள்தான். ஆனால் கார் எந்த நிறம், எந்தச் சக்கரம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டவர் அந்த எழுத்தை எங்கே நிதானமாகப் படிக்கப்போகிறார்? பணம் போன நொடியிலேயே கார் மனதில் சொந்தமாகிவிடுகிறது. வீட்டில் அதற்கு இடம் ஒதுக்கப்படுகிறது. சார்ஜர் மாட்ட எலக்ட்ரீஷியனிடம் பேச்சு தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென்று கிழடாகத் தெரிகிறது.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மாடல் 3-இன் அடிப்படை விலை 35,000 டாலர் என்று மேடையில் சொன்னார்கள். அந்த விலைக்குக் கார் கிடைக்கும் என்ற அறிவிப்பு வந்தது 2019 பிப்ரவரி இறுதியில். அதற்குள் அமெரிக்க அரசு மின்சாரக் காருக்குத் தந்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகை டெஸ்லாவுக்குப் பாதியாகிவிட்டது. ஒரு நிறுவனம் 2 லட்சம் மின்சார வாகனம் விற்றபின் சலுகை படிப்படியாகக் குறைய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். டெஸ்லா அந்த எண்ணிக்கையை 2018 ஜூலையில் எட்டியிருந்தது. விலை கூடிய ரகத்தை முதலில் வாங்க முடிந்தவர்களுக்கு முழுச் சலுகையும் கிடைத்தது. மலிவு ரகத்துக்காகப் பொறுமையாக நின்றவர்களுக்கு, அதாவது அந்தச் சலுகை மிகவும் தேவைப்பட்டவர்களுக்கு, பாதிதான். 1,000 டாலர் பத்திரமாகத் திரும்பிவரும் என்பது உண்மை. அந்த 3,750 டாலரை யார் திருப்பித் தருவது?

பெரிய தொகைகளின் கதை இன்னும் கடுமையானது. 2017 நவம்பரில் டெஸ்லா புதிய தலைமுறை ரோட்ஸ்டரைக் காட்டியது. முன்பதிவுக்கு 50,000 டாலர். முதல் 1,000 கார்களுக்கு முழுத்தொகையாக 2,50,000 டாலர். கார் 2020-இல் வரும் என்றார்கள். 2025 முடிந்தபோதும் ஒருவர் கைக்கும் அது வரவில்லை. 50,000 டாலரை ஆண்டுக்கு 4 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தாலே எட்டு ஆண்டில் 18,000 டாலருக்கு மேல் சேர்ந்திருக்கும். ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2018 ஜூலையில் இந்தக் காருக்குப் பதிவு செய்தவர். 2025 அக்டோபரில் பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் அனுப்பிய மின்னஞ்சல், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்ததை அவரே பொதுவெளியில் காட்டினார். 24 மணி நேரத்துக்குள் பணம் திருப்பித் தரப்பட்டுவிட்டது என்று மஸ்க் பதில் சொன்னார். இருவருக்கும் இடையே வேறு வழக்குகள் இருப்பது உலகம் அறிந்தது. அதை இங்கே இழுக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உலகமே கேட்கும்படி பேச முடிந்த ஒருவருக்கு ஒரு நாளில் வேலை முடிந்தது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

எல்லாக் காத்திருப்பும் வீணாவதில்லை என்பதற்கு லூசிட் ஓர் உதாரணம். 2016 டிசம்பரில் லூசிட் ஏர் காரைக் காட்டி, 2,500 டாலர் முன்பணம் வாங்கத் தொடங்கினார்கள். முதல் 255 கார்களுக்கு 25,500 டாலர். அரிசோனாவில் ஆலை கட்டப் பணம் போதாமல் திணறிய அந்த நிறுவனத்துக்கு 2018-இல் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதி 100 கோடி டாலருக்கு மேல் தந்தது. 2021 அக்டோபர் 30 அன்று முதல் கார்கள் உரியவர்களிடம் சேர்ந்தன. ஒரே சார்ஜில் 520 மைல் ஓடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சான்று தந்த கார் அது. ஏறக்குறைய ஐந்து வருடம் காத்தவர்களுக்கு உண்மையிலேயே நல்ல கார் கிடைத்தது. ஆனால் அதைக் காப்பாற்றியது அவர்கள் கட்டிய முன்பணம் அல்ல. ரியாத்திலிருந்து வந்த பணம்.

அப்படி யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஃபிஸ்கர் காட்டியது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரான ஃபிஸ்கர் ஓஷன் காரின் முதல் 5,000-க்கு ஆளுக்கு 5,000 டாலர் முன்பணம் வாங்கினார்கள். திருப்பித் தரப்படாத முன்பணம். 2023-இல் கார்கள் வந்தன. 2024 ஜூனில் நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. கார் கிடைத்தவர்களே மென்பொருளுக்கும் உதிரி பாகத்துக்கும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

திவால் நீதிமன்றத்தில் முன்பணம் கட்டியவரின் இடம் எது? அமெரிக்கச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்காகப் பொருள் வாங்கக் கட்டிய முன்பணத்துக்கு ஒரு முன்னுரிமை உண்டு. 2025 ஏப்ரல் முதல் அதன் உச்ச வரம்பு 3,800 டாலர். அதுவும் ஈட்டுக் கடன் கொடுத்தவர்கள், வழக்கறிஞர் கட்டணம், ஊழியர் சம்பளம் எல்லாம் போய் மிச்சம் இருந்தால்தான். 50,000 கட்டியவருடைய மீதித் தொகை சாதாரணக் கடன்காரர்களின் கூட்டத்தில் போய் நிற்கும். பிரிட்டனில் கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும், விற்றவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் சொல்கிறது. அருமையான பாதுகாப்பு. ஆனால் பொருளின் விலை 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். சொகுசுக் கார்களில் எத்தனை அந்த வரம்புக்குள் வரும்?

வரிசையின் நீளத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. ஃபாரடே ஃபியூச்சர் என்ற நிறுவனம் தன் எஃப்எஃப் 91 காருக்கு 14,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் இருப்பதாகச் சொல்லிவந்தது. 2022-இல் அதன் உள்விசாரணையிலேயே, உண்மையில் பணம் கட்டியவர்கள் சில நூறு பேர்தான் என்று தெரிந்தது. இத்தனை பேர் தவறாகவா நினைப்பார்கள் என்ற எண்ணமே பலரைப் பணம் கட்ட வைக்கிறது. அந்த எண்ணிக்கையே பொய்யாக இருந்தால் அடுத்து வருபவர் எதை வைத்து முடிவெடுப்பார்? மற்ற குறைகளை மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியாது.

பணம் கட்டியவர்களிடம் நடந்துகொள்ள நல்ல முறைகளும் இருக்கின்றன. 2011 ஆகஸ்டில், தன் மூன்று சக்கர மின்சார வாகனத்தைக் கொண்டுவர முடியாமல் தடுமாறிய அப்டெரா, கட்டிய முன்பணத்தை எல்லோருக்கும் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்த டிசம்பரில்தான் கடையை மூடியது. 2022 மார்ச் 1 அன்று ரிவியன் நிறுவனம், ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கும் சேர்த்து விலையை ஏற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் அதன் தலைவர் ஆர்.ஜே. ஸ்காரிஞ்ச் மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்குப் பழைய விலையே என்றார்.

இந்தியாவிலும் 2016-இல் சிலர் ஆர்வத்தோடு மாடல் 3-க்கு 1,000 டாலர் கட்டினார்கள். 2025 மே மாதம் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாக அவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த ஜூலை 15-இல் மும்பையில் டெஸ்லா கடை திறந்தபோது அங்கே இருந்தது மாடல் ஒய். ஆரம்ப விலை 59.89 லட்சம் ரூபாய். அதே நாளில், தூத்துக்குடியில் ஆலை அமைத்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 21,000 ரூபாய் முன்பணத்தில் பதிவு தொடங்கியது; வேண்டாமென்றால் திருப்பித் தரும் தொகை. விலையைச் செப்டம்பரில் அறிவித்தது. விலை தெரியுமுன் பதிவு செய்ய வைப்பது சரியான வழக்கமில்லைதான். ஆனாலும் தொகை சிறியது, காத்திருப்பு சில வாரம். முன்பணம் என்பது இந்த அளவில் இருப்பதே நியாயம்.

நாளை வரப்போகும் ஒன்றை எதிர்பார்த்து வாழ்வதில் தவறே இல்லை. எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் புதிதாக எதுவும் பிறக்காது. ஆனால் எதிர்பார்ப்பைச் சொத்துக் கணக்கில் எழுதிவிடுவது வேறு. அந்தத் தொகை இனி இல்லை என்று ஆனாலும் வீட்டுச் செலவும் மனமும் குலையாது என்றால், பிடித்த ஒரு முயற்சிக்குத் தோள் கொடுத்ததாக நினைத்துச் சந்தோஷமாகக் கட்டலாம். குலையும் என்றால் அது கட்டக்கூடாத பணம். கம்பெனிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது: கார் கைக்குப் போகும்வரை அந்தப் பணம் அவர்களுடையது அல்ல. அதைத் தனிக் கணக்கில் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை, மின்சாரக் காருக்குப் பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் அதன் படங்களைப் பார்க்கும் நேரத்தில் கால் மணி நேரத்தை ஒப்பந்தத்துக்குக் கொடுங்கள். பணம் எங்கே இருக்கும், எந்த நாள்வரை கேட்டால் முழுதும் திரும்பும், விலை எப்போது உறுதியாகும் என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லையென்றால், திருப்பித் தரக்கூடிய சிறு தொகைக்கு மேல் கட்டாதீர்கள். இப்போது ஓட்டும் காரை நல்ல மெக்கானிக்கிடம் காட்டி ஒழுங்காக சர்வீஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன தேதியில் புதியது வராது.