உயிரின் இரகசியம் அகப்பட்ட இடம்

மதுவைத் தொட்டறியாத ஒருவன் ஒரு மதுச்சாலையைக் காண்பதற்கென்றே காலையில் ரயிலேறிச் சென்று மாலையில் திரும்பினான் என்றால், கேட்பவர்கள் முறுவலிப்பது இயல்பே. ஆயினும், லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறப்படும் விரைவு வண்டி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தில், பெனட் வீதியிலுள்ள ‘ஈகிள்’ என்னும் பழைய விடுதி, வேதாந்திக்கும் நாஸ்திகனுக்கும் பொதுவானதொரு க்ஷேத்திரம் என்பது என் அபிப்பிராயம்.

ரயில் நிலையம் ஊருக்கு ஒரு மைல் புறத்தே தள்ளி நிற்கிறது. நிதானமாக நடப்பவர்களுக்கும் அரை மணியில் பெனட் வீதி வந்துவிடும். வீதியின் ஒரு புறம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சாக்ஸன் கோபுரத்தைத் தாங்கிய தேவாலயம். மறுபுறம், முற்காலத்தில் குதிரை வண்டிப் பிரயாணிகள் இறங்கித் தங்கிய முற்றத்தோடு கூடிய இந்த விடுதி. முற்றத்தை நோக்கிய மேல்மாடியில் ஒரு சாளரத்தை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறார்கள். என்றோ தீவிபத்தில் மாண்ட குழந்தை ஒன்றின் ஆவியின் பொருட்டு என்று கதை சொல்கிறார்கள். கதையை நான் நம்பவில்லை. ஆனால், உயிரின் இரகசியம் பிடிபட்டுவிட்டதென்று பறைசாற்றப்பட்ட அதே வீட்டில் ஆவிக்கென்று ஒரு சாளரம் திறந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

1953 பிப்ரவரி 28 அன்று நண்பகலில், அடுத்த சந்திலிருந்த காவெண்டிஷ் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வழக்கம்போல் உணவுக்கு வந்த பிரான்சிஸ் கிரிக், உயிரின் இரகசியத்தைத் தாமும் ஜேம்ஸ் வாட்சனும் கண்டுபிடித்துவிட்டதாக அங்கிருந்தோர் செவிபட உரைத்தார் என்று, 1968-ல் வெளியான தமது நூலில் வாட்சன் எழுதியிருக்கிறார். அப்படிச் சொன்னதாகத் தமக்கு ஞாபகமே இல்லை என்று கிரிக் பிற்காலத்தில் எழுதினார். சொன்னாரோ இல்லையோ, டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு இரட்டைத் திருகுச்சுருளாக அமைந்திருக்கிறதென்ற கட்டுரை அவ்வாண்டு ஏப்ரல் 25-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதற்கு ஆதாரமாய் உதவிய எக்ஸ்ரே படங்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினுடைய ஆய்வில் பிறந்தவை. 1958-ல், 37-வது வயதில் அந்த அம்மையார் காலமானார். நோபல் பரிசு 1962-ல் மற்றவர்களுக்குக் கிடைத்தது. விடுதிச் சுவரிலுள்ள நினைவுப் பலகையிலும் வெகுகாலம் அவர் பெயர் இல்லை. யாரோ ஒருவர் தாமாகவே அதைக் கீறிச் சேர்த்ததுண்டு.

வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பலகையைப் பார்த்த திருப்தியோடு போய்விடுகிறார்கள். பின்கட்டு அறையில் அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சுற்றுவட்டார விமானத் தளங்களிலிருந்து வந்த இளைஞர்கள், சிகரெட் பற்றவைக்கும் லைட்டராலும் மெழுகுவர்த்திச் சுடராலும் உதட்டுச் சாயத்தாலும் தங்கள் பெயர்களையும் படைப்பிரிவின் எண்களையும் அந்தக் கூரையில் எழுதி வைத்தார்கள். புகைக்கரியே மையாக, சில எழுத்துகள் கோணியும் சில ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கின்றன. அக்காலத்தில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை வாசிக்கிறவனுக்கு, ‘உயிரின் இரகசியம்’ என்ற சொற்றொடர் வேறொரு அர்த்தத்தில் ஒலிக்கும். உயிர் எப்படித் தன்னைப் பிரதி செய்துகொள்கிறது என்பது ஒரு கேள்வி. பெயரை எழுதிவிட்டுப் போனவன் யார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டு கேள்விகளும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்து இடம்பெற்ற விசித்திரமும் உண்டு. பௌதிக மேதை இர்வின் ஷ்ரோடிங்கர் 1944-ல் வெளியிட்ட ‘உயிர் என்பது என்ன?’ என்ற சிறு நூல்தான் கிரிக், வாட்சன் இருவரையும் இத்துறைக்கு ஈர்த்தவற்றுள் முக்கியமானது. பாரம்பரியத்தின் குறிப்புகள் ஒரு மூலக்கூறில் பொதிந்திருக்க வேண்டுமென்று ஊகித்த அதே ஆசிரியர், முடிவுரையில் உபநிஷதங்களின் பக்கம் திரும்பி, ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்ற கொள்கையைக் கைக்கொள்கிறார். சீடர்கள் நூலின் உடலை எடுத்துக்கொண்டு முடிவுரையை விட்டுவிட்டார்கள். அதிலும் கிரிக் தீவிர நாஸ்திகர். சர்ச்சில் கல்லூரியில் தேவாலயம் கட்டுவதை எதிர்த்து 1961-ல் பதவி துறந்தார்; விருப்பமில்லாதவர் அதற்குள் நுழைய வேண்டியதில்லையே என்று சர்ச்சில் சமாதானம் எழுத, அப்படியாயின் கணிகையர் இல்லமொன்றும் கட்டலாம், விருப்பமில்லாதவர் நுழைய வேண்டியதில்லை என்று 10 கினிக்குக் காசோலையை இணைத்துப் பதில் போட்டார்! குறும்பு அதிகந்தான், கபடமில்லை.

கிரிக் ஒதுக்கிய அந்த ஆன்மாவின் பக்கம் நின்று வாதிப்பவர் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார். அவர் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டென்று நிறுவும்போது, பிராணவாயுவே ஆன்மா என்பாரை மறுக்க ஒரு நியாயம் காட்டுகிறார்: உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆயினும் அப்போது இன்ப துன்ப நுகர்ச்சி இல்லை, ஆகவே நுகர்வது மூச்சன்று. இதே நியாயம் கிரிக்கின் மூலக்கூறுக்கும் பொருந்தும். உறங்குகிறவனுடைய உயிரணுக்களிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது, அறிவதோ அதுவன்று. இந்தக் கேள்விக்குக் கிரிக் வாயடைத்துப் போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. விழிப்பும் உறக்கமும் மூளை நரம்புகளின் அவஸ்தா பேதங்களே என்று அவர் வாதித்திருப்பார்; அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அந்த வாதத்துக்குள் இறங்கியவுடனேயே, 1953-ல் அகப்பட்டது முழு இரகசியம் அன்று என்பதை ஒப்புக்கொண்டதாகிறது.

இதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி. உலகப் புகழ் பெற்றபின் வெற்றியின் நிழலில் இளைப்பாறியிருக்கலாம். மாறாக, 1976-ல் கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்துக்குக் குடிபெயர்ந்து, பிரக்ஞை என்பது எங்கிருந்து எழுகிறது என்ற ஆராய்ச்சியில் முதுமையைச் செலவிட்டார். 1994-ல் அதுபற்றி எழுதிய நூலுக்கு, ஆன்மாவைத் தேடும் விஞ்ஞான முயற்சி என்று பொருள்படும் துணைத்தலைப்பையும் சூட்டினார். ஆன்மா இல்லையென்று காட்டுவதற்காகவே தேடினார் என்பது மெய், இருந்தாலும் தேடினார். 2004 ஜூலை 28-ல், 88-வது வயதில் அவர் மறைந்தார்; மூளையின் உட்பகுதியிலுள்ள மெல்லிய ஏடொன்றுக்கும் பிரக்ஞைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய கட்டுரையை இறுதி நாட்களிலும் திருத்திக்கொண்டிருந்தார்; அது அடுத்த ஆண்டு வெளியாயிற்று.