காசு இல்லாத ஆட்டத்துக்கும் 4 ஆண்டுத் தடையா?

வேல்ஸில் சம்பளமே இல்லாமல் ரக்பி ஆடும் சிலர் ஸ்டீராய்டு எடுத்துப் பிடிபட்டிருக்கிறார்கள். தெரிந்தே எடுத்தால், 2015 விதிப்படி 4 ஆண்டுத் தடை. தன் கிளப்போடு பயிற்சிக்கும் போக முடியாது.

"பணமா, பதக்கமா? இவனுக்கு ஏன் இவ்வளவு?"ன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. ரக்பி உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். எடையும் வேகமும் கூடினா மோதலும் பலமாகும். இது முதலாமாண்டுப் பாடம். அடி யாருக்கு? எதிரே நிற்பவனுக்கு. அந்தக் கூடுதல் ஆபத்துக்கு அவன் சம்மதிக்கவே இல்லையே!

ஆனா, கலப்பட சப்ளிமெண்டைத் தெரியாம சாப்பிட்டவனையும் அதே தராசில் வைக்கக்கூடாது. 2021 விதி பொழுதுபோக்கு வீரர்களுக்குத் தண்டனையைக் குறைக்க இடம் கொடுத்தது நியாயம்தான். தண்டனை நோக்கத்தைப் பார்க்கட்டும். உடம்புக்குள்ள போறதுக்குப் பொறுப்பு மட்டும் எப்பவும் நம்மளோடதுதான், நண்பர்களே.