சித்தர் வாக்கும் சோதனைத் தட்டும்

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டினால் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனையும் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. கிருமியும் சித்த மருத்துவமும் இப்படி அருகருகே வரும்போது, சித்தர் சொன்ன மூலிகையைக் கிருமிமேல் வைத்துச் சோதிப்பது அவர் வாக்கைச் சந்தேகிப்பதாகாதா என்று பக்தியோடு கேட்பவர்கள் உண்டு. ஆகாது என்பேன். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் முதலில் பேசுவதே அளவையைப் பற்றித்தான்: எதைக் கொண்டு எதை அறிவது? காட்சி, கருதல் (அனுமானம்), உரை (ஆன்றோர் வாக்கு) மூன்றையும் அவர் ஏற்கிறார். புலனுக்கு எட்டாதவற்றுக்கு உரையே துணை. கண்ணெதிரே தெரியக்கூடியதற்கு ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

கிருமியைச் சீராகப் பரப்பிய அகார் தட்டில், மூலிகைச் சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விடுகிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரிந்தால் அதன் குறுக்களவை அளக்கிறார்கள். பக்கத்திலேயே வெறும் கரைப்பானில் நனைத்த வில்லை ஒன்றும் இருக்கும். அதைச் சுற்றியும் வளையம் விழுந்தால், கிருமியைத் தடுத்தது மூலிகைதான் என்று சொல்ல முடியாது. நான் பெரிதும் மதிப்பது இந்த வெறும் வில்லையைத்தான். ஆசைப்பட்ட விடையே கிடைத்தாலும் ஏமாந்துவிடக் கூடாதென்று ஆய்வாளர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் கட்டு அது.

சாற்றைக் கூறுகூறாகப் பிரித்தால் கூட்டு மருந்தின் குணம் போய்விடும் என்ற மறுப்பு வலுவானது. நம் மரமஞ்சளிலும் இருக்கும் பெர்பெரின் என்ற பொருளை ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி தன் உடலிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரிஸ் செடிகளிலுள்ள இன்னொரு பொருள் அந்த வழியை அடைத்துவிடுகிறது என்று 2000-இல் ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் ஆய்வுக் குழுவினர் காட்டினார்கள். அந்தப் பொருளுக்குத் தனியே கிருமியைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. ஆக, முழுச் செடியை நம்பியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அந்த நியாயம் வெளிப்பட்டதும் சோதனையால்தான்.

ஆனால் காட்சிக்கும் எல்லை உண்டு. தட்டில் விழுந்த வளையம், குடித்த கஷாயம் ரத்தத்தில் போதிய அளவு சேரும் என்று சொல்லவில்லை. டெங்கு வைரஸால் வருவது. அதற்குக் கஷாயமாகக் கொடுக்கப்படும் நிலவேம்பு பாக்டீரியாவைத் தடுத்தால்கூட டெங்குவுக்கு அது சான்றாகாது. வளையம் விழாததும் முடிந்த முடிவல்ல, அகாரில் பரவாத பொருள்களும் இருக்கின்றன. இத்தனையையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். வளையம் விழுந்த மூலிகையை மட்டும் கட்டுரையாக்கி, விழாததை மேசைக்குள் பூட்டினால், அதே இலையை இன்னொரு மாணவர் அடுத்த ஆண்டு மறுபடி இடித்துக்கொண்டிருப்பார்.