நம் இடத்தில் பிறர் வண்டி



ரூவியில் குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பழக்கமான காட்சி இது. வேலை முடிந்து களைத்து வந்தால், பிளாட்டோடு சேர்த்து நமக்கென்று ஒதுக்கிய இடத்தில் முன்பின் தெரியாதவரின் கார் நிற்கிறது. வாட்ச்மேனுக்கும் விவரம் தெரியவில்லை. கோபம் வருவது இயற்கை, நியாயமும்கூட. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில், வண்டியை விட்டுச் சென்றவரின் பக்கம். "ஐந்து நிமிஷம்தானே" என்பார். விசேஷ நாளில் தார்சைட் கிருஷ்ணர் கோயிலுக்கு வந்தவரானால், "சுவாமி தரிசனத்துக்குத்தானே" என்பார். போகும் காரியம் நல்லது என்பதால் பிறர் இடம் நம் இடமாகிவிடாது. அந்த ஐந்து நிமிஷத்தில், அடைபட்ட காரில் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியிருக்கலாம்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது வேறு. 2007 ஜூனில் கோனு புயல் மஸ்கட்டை வெள்ளக்காடாக்கியது. அப்படிப்பட்ட நாளில் மேட்டிலுள்ள பிறர் வளாகத்தில் காரை ஏற்றி நிறுத்துபவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நம் சௌகரியத்துக்கு ஆபத்து என்று பெயர் சூட்டலாகாது.

இனி, இடத்துக்குரியவரின் பக்கம். டயரில் காற்றை இறக்குவதும் சாவியால் கீறுவதும் கோபத்துக்குத் தீனி போடும். இடத்தை மீட்டுத் தராது. காற்றிறங்கிய வண்டி இன்னும் அதிக நேரம் அங்கேயே நிற்கும்!

பிரிட்டனில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தனியார் நிலத்தில் நின்ற கார்களுக்குச் சக்கரப் பூட்டுப் போட்டு, பணம் கட்டினால்தான் விடுவோம் என்பது திருட்டுக்கும் மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் சமம் என்று 1992இல் ஸ்காட்லாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் முதல், சட்ட அதிகாரமின்றி இப்படிப் பூட்டுவது குற்றம். இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை வேறு, தண்டிக்கும் உரிமை வேறு என்பதே இதன் சாரம்.

இது நமக்குப் புதிதல்ல. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசுவின் கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். மனுநீதிச் சோழனின் நீதியை வியக்கிறோம். பசுவின் நடத்தையைக் கவனிப்பதில்லை. கன்றையே இழந்த அந்தப் பசு தேரை முட்டவில்லை. அரண்மனை வாசலுக்குச் சென்று மணியை அடித்தது. வழக்கைச் சொல்லும் வேலை தன்னுடையது, தீர்ப்பு மன்னனுடையது என்று அது நின்றது. நாம் இழந்ததோ ஒரு மணி நேர நிழல்.

ஆகவே, முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். கண்ணாடியில் மரியாதையாக ஒரு சீட்டு வைப்போம். அதிலும் பலனில்லையேல் கட்டட நிர்வாகத்திடமும், பிறகு போலீஸிடமும் சொல்வோம். உயிர்காக்கும் அவசரத்தில் வழி அடைபட்டால் 9999 இருக்கிறது. அதேபோல், வேறு வழியின்றி எங்கேனும் வண்டியை நிறுத்த நேர்ந்தால், அனுமதி கேட்டு, நம் தொலைபேசி எண்ணை முன்கண்ணாடியில் வைத்துவிட்டுச் செல்வோம். பிறர் வாசலை மதித்து வருவதும் தரிசனத்தில் சேர்ந்ததே.