பங்கும் பாத்தியதையும்

குடும்பமும் பாடசாலையும் பங்காளிகளாக இணைந்தாலன்றிக் கல்வி சிறவாது என்பது இன்று மேடைதோறும் கேட்கும் வாசகம். அதனை மறுப்பாரிலர். ஆயின், பங்காளி என்னுஞ் சொல்லின் பொருளை நாம் எண்ணிப் பார்த்தோமா? பங்குக் காணியில் பங்காளிக்கு உழைப்பு மட்டுமன்றி, விளைவிலும் முடிவிலும் பாத்தியதை உண்டு. பாத்தியதையின்றி உழைப்பவனைக் கூலியாள் என்பதே வழக்கு.

மலையகத் தோட்டப் பாடசாலையொன்றை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் கூட்டம் வேலை நாளிலே, காலை பத்து மணிக்குக் கூட்டப்படுகின்றது. கொழுந்தெடுக்குந் தாய் அவ்வேளையில் மலையிலே நிற்கின்றாள். இடையில் இறங்கி வந்தால் நிறுவையிற் கொழுந்து குறையும். அன்றைய கூலி அரைப்பேராகும். அவள் வருவதில்லை. "இவர்களுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை" என்று கூட்டத்திலே தீர்ப்புக் கூறப்படுகின்றது. அவள் இழக்க அஞ்சிய கூலியன்றோ பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் ஆகின்றது? வரவைக் கொண்டு அக்கறையை அளப்பது நீதியாகாது.

1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1977 இலேயே தொடங்கியது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையை 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி பெற்றோர்மீது சுமத்தியது. 2016 இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. இவை வேண்டியனவே. எனினும், கடமை வளர்ந்த அளவுக்குப் பெற்றோரின் குரல் வளர்ந்ததா? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அவர்கள் உறுப்பினர், தலைமை அதிபருக்குரியது. பெரும்பாலும் சிரமதானத்துக்கும் நிதிக்கும் பிள்ளை செய்த குற்றத்துக்குமே அவர்கள் அழைக்கப்படுகின்றனர். வகுப்பறையில் தம் பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பது பற்றி அவர்களிடம் அபிப்பிராயம் கேட்பார் அரியர்.

எழுத்தறியாதவர் கல்வியைப் பற்றி யாது கூறுவர் எனச் சிலர் வினவலாம். பாடத்திட்டத்தை அவர் அறியாதிருக்கலாம். ஆனால், லயத்தின் ஒற்றையறையில் பிள்ளை எந்த வெளிச்சத்திற் படிக்கின்றது, எதற்கு அஞ்சுகின்றது, ஏன் சில நாட்களில் வர மறுக்கின்றது என்பனவற்றை அவரே அறிவார். அவ்வறிவு கிட்டாதவரை ஆசிரியரின் அறிவு அரையறிவே.

இன்னோர் ஆபத்தும் உண்டு. "வீட்டிலே சொல்லிக்கொடுங்கள்" என்பதே கூட்டுறவெனக் கொள்ளப்படுமாயின், படித்த பெற்றோரின் பிள்ளையும் ரியூசனுக்குப் பணமுள்ள வீட்டுப் பிள்ளையும் முன்செல்லும். ஏனைய பிள்ளைகள் பின்தங்கும். ஏற்றத்தாழ்வைக் குறைக்கவெனத் தோன்றிய பொதுக்கல்வி, அதனைத் தானே வளர்த்ததாக முடியும். கற்பித்தல் பாடசாலையின் பொறுப்பு. அதனை வீட்டின் தலையிற் சுமத்துவது பங்காளித்துவமன்று.

ஆகவே, முதலடியைப் பாடசாலையே எடுத்து வைத்தல் வேண்டும். கூட்டம் வேலை முடிந்தபின் கூடட்டும். இயலுமாயின் லயத்துக்கருகிலேயே கூடட்டும். அங்கே அதிபர் உரைக்கு முன்னர் ஒரு தாய் பேசட்டும். குறைந்த வசதிகளுடன் பல வகுப்புகளைச் சுமக்கும் ஆசிரியருக்கு இது மேலுமொரு சுமை என்பது மெய்யே. அச்சுமைக்குரிய நேரத்தையும் வசதியையும் அரசிடம் கோரும்போது, நம்மோடு நின்று குரல்கொடுக்கக் கூடியவரும் அப்பெற்றோரே. அவர்தம் பாத்தியதையை மதிக்காத நாம், அவர்தம் துணையை எம்முகத்தோடு கேட்பது?